வண்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

அந்த எலுமிச்சம்பழத்தை யாருக்குப் பயந்து கட்டினாள் என்பது புஷ்பலதாவுக்கு மட்டும்தான் தெரியும். யாராவது கேட்டிருந்தால் "ஊர்க் கண்ணு" என்று சொல்லியிருப்பாள். ஊர் என்று சொல்லிவிட்டால் சௌகரியம். ஊர் யார் வீட்டு வாசலிலும் வந்து நின்று ஏன் என்னைச் சொன்னாய் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் மனசில் இருந்தது ஊர் இல்லை. ஒரே ஒரு ஆள். கூடப்பிறந்த தங்கச்சி வெண்ணிலா.

வண்டி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. புஷ்பலதாவின் கணவன் உமேஷுக்குத் திருமுடிவாக்கத்தில் தகரம் வளைத்து ரேக் செய்யும் பட்டறை. பட்டறைப் புகையும் சத்தமும் தின்றது போக மிச்சமிருந்த ஆசையை எல்லாம் அவன் அந்த வண்டியில் கொட்டியிருந்தான். சேலையூரில் அவர்கள் தெருவுக்கு அது கொஞ்சம் அதிகமான வண்டிதான். சீட்டு முதுகைப் பிசைந்துவிடும். மழை விழுந்தால் வைப்பர் தானாக ஆடும். பின்பம்பருக்கு அடியில் காலை நீட்டினால் டிக்கி தானாகத் திறக்கும். கையில் ஒரு பை இல்லாதபோதும் உமேஷ் காலை நீட்டித்தான் திறப்பான். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்றால் இரண்டு தடவை திறப்பான்.

வண்டியை எடுத்த அன்று ஷோரூமில் பிளஸ்ஸி என்ற பெண் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னாள். உமேஷ் கேக் வெட்டுவதிலும் ஆளுயர அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பதிலும் இருந்தான். டிரைவர் சவுரிமுத்து பழைய காரை ஒப்படைக்கப் பின்பக்கம் போயிருந்தான். முழுசாகக் கேட்டவள் புஷ்பலதா ஒருத்திதான். முன்கிரில்லின் நடுவில் இருந்த கறுப்புப் பட்டையைத் தொட்டுக் காட்டி பிளஸ்ஸி சொன்னாள்: "இதுக்குப் பின்னாடிதான் மேம் ரேடார் இருக்கு. முன்னாடி எதாவது கிட்ட வந்துட்டா வண்டி தானா பிரேக் போடுறது இதை வெச்சுதான். இங்க மட்டும் பொட்டு, ஸ்டிக்கர், மாலை எதுவும் வேணாம்."

புஷ்பலதா தலையாட்டினாள். ஆட்டியதோடு விடவில்லை, அன்று சாயங்காலம் கோயிலில் பூஜை போட்டபோது, "சாமி, அந்த இடத்துல சந்தனம் வேணாம், பானெட்டுல வையுங்க" என்று குருக்களையே தடுத்தவள் அவள். பின்னால் எத்தனை சமாதானம் தேடினாலும் இந்த ஒன்றை அவளால் தாண்ட முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

வெண்ணிலா விஷயம் இப்படி. அவள் வாயைத் திறந்து எதையாவது பாராட்டினால் அந்தப் பொருளுக்கு ஆகாது என்று குடும்பத்தில் சின்ன வயதிலிருந்தே ஒரு பேச்சு. புது மிக்ஸியை நல்லா இருக்கு என்றாள், மோட்டார் கருகியது. புஷ்பலதாவின் மகள் முடியைத் தொட்டுப் பார்த்தாள், டைபாய்டு வந்து முடி கொட்டியது. பெற்ற அம்மாவே இதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள், வெண்ணிலாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். புஷ்பலதாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, தங்கச்சி வரும் நாட்களில் புதுப் புடவையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவாள். இதே வெண்ணிலாதான் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரித் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தவள். அதையும் புஷ்பலதா மறக்கவில்லை. இரண்டும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றை ஒன்று தொடாமல்.

மாமா பேத்திக்குக் கூடுவாஞ்சேரியில் நிச்சயதார்த்தம். குரோம்பேட்டையிலிருந்து வெண்ணிலா போன் செய்தாள். "நானும் பிரேமும் தாம்பரம் வந்துடுறோம்க்கா. உன் புது வண்டியிலதான் போகணும். நான் இன்னும் பார்க்கவே இல்ல. உனக்கென்னக்கா, ராணி."

அந்த "ராணி"யைக் கேட்டதும் புஷ்பலதா, வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் கறுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பழைய காரில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே கட்டுவதற்கு ஒரு கொக்கி உண்டு. இது எங்கே பார்த்தாலும் மழுமழுவென்று இருந்தது. கயிறு நுழைய இடம் என்று இருந்ததே அந்தக் கறுப்புப் பட்டையின் இரண்டு ஓரம்தான். ஒட்டினால்தானே தப்பு, தொங்கவிட்டால் என்ன என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். வண்டி துடைத்துக்கொண்டிருந்த சவுரிமுத்து வந்து, நீட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பிளேடால் அறுத்துக் கொடுத்தான். அவனுக்கு ரேடாரைப் பற்றி எதுவும் தெரியாது. "நல்லா கீதுக்கா" என்றான்.

சவுரிமுத்துவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அவன் நன்றாகக் குடித்தவன். குடித்துவிட்டு இரும்புலியூர் பாலத்தில் பைக்கோடு விழுந்து, வேலை போய், அவன் மனைவி ஏஞ்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், அப்புறம் வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்க் குடியை விட்டவன். விட்டது விட்டதுதான். அவனை மறுபடியும் வேலைக்குச் சேர்க்கச் சொல்லி உமேஷிடம் நின்றவள் புஷ்பலதா. ஏஞ்சலும் திரும்பி வந்தாள். அதிலிருந்து கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு கேக் கொண்டுவந்து புஷ்பலதாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.

முன்சீட்டில் உமேஷ், பின்னால் புஷ்பலதாவும் வெண்ணிலாவும் அவள் கணவன் பிரேமும். வெண்ணிலா சீட்டைத் தடவினாள், கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், "கப்பல் மாதிரி இருக்குக்கா" என்றாள். பெருங்களத்தூர் தாண்டும்போது வண்டி கீச்சென்று அலறியது. திரையில் சிவப்பு மின்னியது, பெல்ட் நெஞ்சை இறுக்கியது, வண்டி தானாகச் சட்டென்று நின்றது. முன்னால் ஒரு ஈ இல்லை.

"நான் பிரேக்கே வெக்கல சார்" என்றான் சவுரிமுத்து.

வண்டலூரில் மறுபடியும். ஊரப்பாக்கத்தில் மூன்றாவது தடவை வண்டி குத்தி நின்றபோது, பின்னால் வந்த பைக் பம்பரில் இடித்தது. பைக் ஓட்டியவன் விழவில்லை, நான்கு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். அந்தக் குலுக்கலில் வெண்ணிலா தன்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. கையைக் குறுக்கே நீட்டி அக்காவின் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மடியில் வைத்திருந்த பழத்தட்டு கீழே உருண்டது.

சவுரிமுத்து வண்டியை ஓரம் கட்டினான். சகலைப்பாடி முன்னால் தன் கப்பல் இப்படி நொண்டியதில் உமேஷுக்கு முகம் சிவந்துபோயிருந்தது. அவன் பக்கவாட்டில் திரும்பி, சவுரிமுத்துவின் முகத்துக்குக் கிட்டே தன் முகத்தைக் கொண்டுபோனான்.

"நேத்து போட்டியா?"

"இன்னா சார் கேக்கறீங்க?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஊது."

சவுரிமுத்து அசையவில்லை. கண்ணாடியில் ஒரு தடவை பின்சீட்டைப் பார்த்தான். வெண்ணிலாவைப் பார்க்கவில்லை, பிரேமைப் பார்க்கவில்லை. புஷ்பலதாவைப் பார்த்தான்.

புஷ்பலதாவுக்கு முதல் குலுக்கலிலேயே தெரிந்துவிட்டது. பழம்தான். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. 'நான்தான் கட்டினேன்.' ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வியை வெண்ணிலா கேட்பாள்: இத்தனை நாள் கட்டாமல் இன்றைக்கு எதற்குக் கட்டினாய்? அவளுடைய கை இன்னும் அக்காவின் நெஞ்சின் மேல்தான் இருந்தது. புஷ்பலதா குனிந்து, உருண்ட ஆப்பிளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"ஊதுடான்றேன்."

சவுரிமுத்து ஊதினான்.

வாடை எதுவும் இல்லை. இல்லை என்பதை ஒப்புக்கொள்ள உமேஷுக்கு வாய் வரவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போ என்றான். சவுரிமுத்து கதவைத் திறந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

மீதி தூரத்தை உமேஷ் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். ஒரு தடவை வண்டி அவன் கையிலும் அலறியது. எங்கேயோ இடித்துக் கெடுத்து வைத்திருக்கிறான் என்று அதற்கும் சவுரிமுத்துவையே திட்டினான்.

மண்டபத்தில் எல்லோரும் உள்ளே போனதும், மொய்க்கவரை வண்டியில் விட்டுவிட்டேன் என்று சொல்லி புஷ்பலதா சாவியை வாங்கிக்கொண்டு வந்தாள். முடிச்சு அவிழவில்லை. பட்டுப்புடவையோடு முன்பம்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஊக்கால் குத்திக் குத்திக் கயிற்றைப் பிய்த்தாள். நசுங்கிய மிளகாய் விரலெல்லாம் அப்பியது. பழத்தை ஜெனரேட்டருக்குப் பின்னால் வீசினாள். உள்ளே போய் வியர்வையைத் துடைத்தபோது கை கண்ணில் பட்டு, நிச்சயதார்த்தம் முடியும்வரை கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம், பெண் வீட்டுக்காரி போல இவள் ஏன் அழுகிறாள் என்று கேட்டார்கள்.

பழத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். வண்டி சரியாகத்தான் ஆனது. திரும்பி வரும்போது ஒரு சத்தம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. உமேஷ் ஸ்டியரிங்கைத் தட்டினான். "பார்த்தீங்களா? வண்டியில ஒரு குறையும் இல்ல. ஓட்டினவன்கிட்டதான் குறை."

இப்படி ஆகும் என்று அவள் யோசிக்கவே இல்லை. கயிற்றைப் பிய்த்த கையாலேயே சவுரிமுத்துவின் மேல் குடிகாரன் என்று முத்திரை குத்திவிட்டாள்.

"நல்ல மனுஷன்னு சொல்வியேக்கா" என்றாள் வெண்ணிலா, வருத்தத்தோடு. "திரும்பவும் குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?"

"என்னமோ" என்றாள் புஷ்பலதா.

வாய் மூடி இருந்ததைவிட அந்த ஒரு சொல் மோசம். சொன்ன உடனே அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் பம்பர் கீறலுக்காக உமேஷ் வண்டியை சர்வீஸுக்கு எடுத்துப் போனான். இந்த வண்டி திடீர் பிரேக் போட்டால் அந்த நேரத்துப் படத்தையும் உள்ளே பேசிய பேச்சையும் தானாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் சவுரிமுத்து நாளைக்கு வந்து நியாயம் பேச முடியாது என்பது அவன் கணக்கு. "நீயும் வா, நீதானே சாட்சி" என்று புஷ்பலதாவைக் கூட்டிக்கொண்டு போனான். உண்மையைச் சொல்ல அவளுக்கு வீட்டிலிருந்து அங்கே போகும்வரை வழி இருந்தது. கேம்ப் ரோடு சிக்னலில் சொல்லலாம் என்று நினைத்தாள். சிக்னல் பச்சை விழுந்துவிட்டது.

வண்டி கொடுத்த பிளஸ்ஸியே வந்தாள். படத்தைத் தன் டேப்லெட்டில் ஏற்றி, உமேஷ் கையில் கொடுத்தாள். சோபாக்களில் நாலைந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பம்பர் கேமரா எடுத்த படம் முதலில் வந்தது. ஜிஎஸ்டி ரோடு காலியாக ஓடியது. படத்தின் மேல்பக்கத்தில் மஞ்சளாக ஒன்று ஆடி ஆடி உள்ளே வந்து வந்து போனது. கூடவே பச்சையாக இரண்டு வால். ஒரு பெரிய ஆட்டம் ஆடியது, வண்டி அலறியது.

"எலுமிச்சம்பழம் சார்" என்றாள் பிளஸ்ஸி. அவள் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தாள். "ரேடார் முன்னாடி ஆடியிருக்கு. ஏதோ குறுக்க வருதுன்னு வண்டி பிரேக் போட்டிருக்கு."

உமேஷ் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் டேப்லெட்டிலிருந்து உரக்க வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஊது."

காபி குடித்தவர்கள் நிமிர்ந்தார்கள். உமேஷ் நிறுத்துவதற்காகத் திரையை அவசரமாகத் தட்ட, படம் பின்னால் ஓடி மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. "ஊது." அதற்கப்புறம் எதுவும் இல்லாத ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் சவுரிமுத்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். அது புஷ்பலதாவுக்குத் தெரியும். வண்டிக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். பிரேம் தொண்டையைச் செருமியதுகூடப் பதிவாகியிருந்தது. ஆப்பிள் ஒன்று தட்டில் விழும் சத்தம் கேட்டது. அவள் குரல் மட்டும் அதில் இல்லை. பிறகு "ஊதுடான்றேன்." பிறகு ஒரு மனிதன் மூச்சை வெளியே விடும் சத்தம், மைக்குக்கு மிகக் கிட்டே.

பிளஸ்ஸி டேப்லெட்டை வாங்கி அணைத்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "மேம், நான் அன்னைக்கே உங்ககிட்ட..." என்று மெதுவாக ஆரம்பித்து, உமேஷைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சொன்னாங்க" என்றாள் புஷ்பலதா, உமேஷிடம். "என்கிட்ட சொன்னாங்க. தெரிஞ்சேதான் கட்டினேன். மண்டபத்துல நான்தான் பிச்சு எறிஞ்சேன்."

 திரும்பும்போது தாம்பரம் பாலம் இறங்கியதும் உமேஷ், போன் பண்ணி சவுரிமுத்துவை வரச்சொல்லிவிடு, ஏதோ டென்ஷனில் சொன்னது, பேன்ட் சட்டை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றான். நேரில் போகலாம் என்றாள் அவள். அவன் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று உமேஷ் சொன்னது பொய்யில்லை. அவனுக்கும் உள்ளே குத்தியிருந்தது. இரும்புலியூரில் சவுரிமுத்து வீட்டுத் தெருமுனைவரைக்கும்தான் வந்தான். தெரு சின்னது, வண்டி நுழையாது என்றான். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

சவுரிமுத்து லுங்கியோடு வாசலில் நின்றான். ஏஞ்சல் உள்ளே சுவரோரம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கமாக எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்பவள், இன்று தலை நிமிர்த்தவில்லை.

புஷ்பலதா எல்லாவற்றையும் சொன்னாள். ரேடார், பழம், மண்டபம், ஊக்கு. நின்றுகொண்டேதான் சொன்னாள்.

"பளம் கட்டுனது எனுக்குந்தான் தெரியும். நூலை அறுத்துக் குட்த்ததே நான்தான்" என்றான் சவுரிமுத்து. "அத வுடுங்கக்கா. அது மிசின் மேட்டரு. இவன் குடிக்க மாட்டான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அதுக்குப் பளத்தப் பத்தி இன்னாத்துக்குத் தெரியணும்?"

 நேற்றிலிருந்து புஷ்பலதா பழத்தையே நினைத்து நினைத்துக் கூசியிருந்தாள். பழத்தைப் பற்றி மூச்சு விடாமலே அவனைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. 'அவர் குடிக்க மாட்டார்.' வெண்ணிலா அதற்கு ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள்.

"நேத்து மத்தியானம் வூட்டுக்கு வந்து நிக்கறேன்" என்றான் அவன். "இன்னா இந்நேரத்துலன்னு ஏஞ்சலு கேட்டுச்சு. சார் அனுப்பிட்டாருன்னேன். இதுவும் கிட்ட வந்து, ஊதுன்னுச்சு."

ஏஞ்சலின் கை அவரைக்காயில் நின்றது. "அவ்ளோ பெரிய மனுசன் சும்மா சொல்வாரான்னு நெனச்சிட்டேன்" என்றாள், தரையைப் பார்த்து.

"அவர் குடிக்கல ஏஞ்சல். எனக்கு அப்பவே தெரியும்."

"இப்ப சொல்றீங்க."

புஷ்பலதா வண்டியின் இன்னொரு சாவியை நீட்டினாள். சவுரிமுத்து வாங்கவில்லை. "வேலைய அப்பால பாத்துக்கலாம்க்கா. நேத்து வண்டில ஒங்க தங்கச்சி இருந்தாங்க, அவங்க வூட்டுக்காரு இருந்தாரு. அவங்களுக்கு நான் குடிகாரன்தான். அவங்களாண்ட சொல்லிடுங்க. எனுக்கு அது போதும்."

வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். ஏஞ்சல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பலதா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தங்கச்சியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுக்கா" என்றாள் வெண்ணிலா. குக்கர் சத்தம் கேட்டது.

"சவுரிமுத்து நேத்து குடிக்கல. வண்டி நின்னது என்னாலதான். முன்னாடி நான் ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தேன்."

"அட, அவ்ளோதானா? பாவம் அந்த மனுஷன். எதுக்குக்கா கட்டினே, நேத்துன்னு பார்த்து?"

 புஷ்பலதாவிடம் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது, ஊர்க் கண்ணு. வாயில் வைத்துப் பார்த்தாள், வரவில்லை.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் நின்றது. வெண்ணிலா அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"நான் வர்றேன்னாக்கா?"

"ஆமா."

 வெண்ணிலா கோபமே இல்லாமல், எதையோ சரிபார்த்துக்கொள்பவள் போலச் சொன்னாள். "வண்டி குலுங்கினப்போ நான் உன்னைத்தானேக்கா பிடிச்சேன்."

 ஏஞ்சல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும்க்கா, வெச்சிடுங்க" என்றான் சவுரிமுத்து.